யார் வீட்டுப் பூனை

கோர்வைச் சேலை தறியில் ஏறிவிட்டால் அந்த வீட்டில் இரண்டு பேர் இல்லாததற்குச் சமம். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்துச் சேர்க்க ஒருவர் தறிக்குழியிலும் இன்னொருவர் கரைப் பக்கத்திலும் உட்கார வேண்டும். ஒருவர் கையை எடுத்தால் மற்றவர் வேலை கெட்டுப்போகும். குழியில் தனசேகரன் இருந்தான். கரைப் பக்கத்தில் அவன் மனைவி காந்தா இருந்தாள். ஆகவே அவர்களுடைய இரண்டரை வயது மகள் வினோதினியைப் பார்த்துக்கொள்கிற வேலை கலாவதியின் தலையில் விழுந்தது.

கலாவதி தனசேகரனின் தங்கை. விலங்கியலில் பட்டம் வாங்கியவள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். இரண்டு வருடமாக வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தாள். வேலை கிடைக்காத பட்டதாரியைப் போல வீட்டுக்குத் தோதான ஆள் வேறு கிடையாது. ரேஷன் கடைக்கா, கலா போவாள். கரண்ட் பில்லா, கலா கட்டுவாள். குழந்தையா, கலாவிடம் விடு. யாரும் அவளைக் கேட்டுக்கொண்டு செய்வதில்லை. அவளும் வாயை மூடிக்கொண்டு செய்வதில்லை. அதனால் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெரு முழுக்க அவளுக்கு வாயாடி என்று பெயர். அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் பேப்பரில் தேர்வாணைய விளம்பரம் வந்திருந்தது. கலாவதி கத்தரிக்கோலை எடுத்து அதை வெட்ட உட்கார்ந்தாள். நாலு பக்கமும் நேராக வெட்ட வேண்டும் என்று ஒரு பிடிவாதம். குழந்தைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தது இரண்டு நிமிஷம் இருக்கும். அதற்குள் கூடத்து மூலையிலிருந்து வீல் என்று அலறல்.

திரும்பினால் வினோதினி வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். புறங்கையில் மூன்று கோடு. கட்டை விரலுக்குக் கீழே இரண்டு பல் பதிந்து ரத்தம் முத்து முத்தாக வந்துகொண்டிருந்தது. வீட்டுப் பூனை அரைப் பொறை ரொட்டியைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் பாய்ந்தது. மிச்ச அரைப் பொறை குழந்தையின் காலடியில் கிடந்தது.

தறி நின்றது. தனசேகரன் குழியிலிருந்து ஏறி வந்தான். அவனுக்குப் பின்னாலேயே காந்தா.

"இன்னா பாத்துக்கினு இருந்த நீ? ஒரு கொழந்தய பாத்துக்க துப்பில்ல, இதுல ஆபீசராவப் போறியா?" என்று கத்தினான் தனசேகரன்.

கலாவதி குழந்தையின் கையைத் திருப்பிப் பார்த்தாள். அதற்குள் காந்தா கழிவுப் பட்டு நூலை ஒரு பிடி அள்ளித் தீப்பெட்டியை உரசிவிட்டாள். பட்டை எரித்த சாம்பலை வைத்து அழுத்தினால் ரத்தம் நிற்கும். தறி ஓடும் வீட்டில் கத்தி கிழித்தாலும் சரி, ஆணி ஏறினாலும் சரி, அதுதான் முதல் மருந்து.

"அண்ணி, அத வெக்காத!" கலாவதி அவள் கையைத் தட்டிவிட்டாள். சாம்பல் தரையில் சிதறியது. "கடிச்ச காயத்துல சாம்பலும் வெக்கக்கூடாது, மஞ்சளும் வெக்கக்கூடாது. சோப்பு எங்க?"

"ரத்தம் வந்துக்கினு இருக்குது, சோப்புன்றா பாரு!" என்றாள் காந்தா.

கலாவதி குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்கட்டுக் குழாயடிக்கு ஓடினாள். குழாயைத் திறந்து, துணி சோப்பைத் தேய்த்து, காயத்தைக் கழுவினாள். வினோதினி மீன் மாதிரித் துள்ளினாள். விடவில்லை. கால் மணி நேரம் கழுவினாள். கல்லூரியில் மூன்று வருடம் கரப்பான் பூச்சியை அறுத்துப் பார்த்ததில் வீட்டுக்குப் பயன்பட்ட ஒரே பாடம் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

தண்ணீர்ச் சத்தத்திலும் குழந்தையின் அழுகையிலும் கூடத்தில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. கோணி உதறுகிற சத்தம் கேட்டிருக்கலாம். சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிய சத்தமும் கேட்டிருக்கலாம். அவள் காதில் ஏறவில்லை. ஈரக் குழந்தையை மாற்றுத் துணியில் சுற்றிக்கொண்டு, காந்தாவையும் இழுத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே இருந்த டாக்டரம்மா காயத்தைத் திருப்பிப் பார்த்தார். "நல்லா கழுவியிருக்கீங்க. யார் கழுவுனது?"

"நான்தான்."

"பூனை யார் வீட்டுது? உங்க வீட்டுதா?"

காந்தா முந்திக்கொண்டாள். "ஐயோ, எங்களுது இல்லம்மா. சும்மா வரும், போவும். நாங்க அதுக்குச் சோறுகூட போடறதில்ல."

சோறு விஷயத்தில் அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் கலாவதிக்குச் சுட்டது. எட்டு மாதத்துக்கு முன்னால் எலி தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு இழைகளைக் கடித்துப்போட்டது. கஞ்சி போட்ட பட்டென்றால் எலிக்குக் கொண்டாட்டம். நூறு இழை அறுந்து, ஒவ்வொன்றாகப் பிணைக்கவே மூன்று நாள் ஆனது. அதற்கப்புறம்தான் தனசேகரன் தெருக்கோடிச் சாயக்காரர் சிட்டிபாபு வீட்டிலிருந்து ஒரு பூனைக்குட்டியைக் கொண்டுவந்து விட்டான். விட்டவன் முதல் நாளே சட்டமும் போட்டான்: ஒரு பருக்கை போடக்கூடாது. வயிறு நிறைந்த பூனை எலி பிடிக்காது. அந்தத் தெருவில் பூனை இருக்கிற எல்லாத் தறி வீட்டிலும் அதே சட்டம்தான். பட்டினி போட்டால்தான் பூனைக்கு வேலை செய்யத் தோன்றும் என்று எல்லோரும் நம்பினார்கள். விலங்கியல் படித்த கலாவதியும், ஒரு நாள் மிச்ச மோர்ச்சோற்றை வைக்கப் போய், அண்ணன் முறைத்ததும் அதை வெளியே காக்காய்க்குக் கொட்டிவிட்டு வந்தவள்தான்.

"எங்க பூனைதாம்மா," என்றாள் கலாவதி. "எட்டு மாசமா எங்க வீட்லதான் இருக்கு."

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "முடிவு பண்ணிச் சொல்லுங்க. எனக்கு அது முக்கியம். ஊசி இன்னைக்கே ஆரம்பிக்கணும், அதுல மாத்தமில்ல. தொப்புளைச் சுத்தி, தினம் ஒண்ணு, பதினாலு நாள். தெருப் பூனைன்னா பதினாலும் போட்டே ஆகணும். வீட்டுப் பூனைன்னா பத்து நாள் கட்டிவெச்சுப் பாருங்க. அதுக்கு வெறி இருந்தா அதுக்குள்ள காட்டிக்குடுத்துடும், இல்ல செத்துடும். பத்து நாளும் நல்லா சாப்பிட்டுக்கிட்டு இருந்துச்சுன்னா, அதோட ஊசிய நிறுத்திடலாம். நமக்கும் பயம் விட்டுடும். இவ்ளோ சின்ன வயித்துல ஒரு ஊசி கம்மியானாலும் லாபம்."

காந்தா குழந்தையின் வயிற்றைத் தடவினாள். "கட்டி வெக்கறோம்மா."

"கொழந்தய அப்ப யார் பாத்துக்கிட்டிருந்தது?"

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. காந்தா குழந்தையின் மூக்கைத் துடைத்தாள்.

"நான்தான்," என்றாள் கலாவதி, மறுபடியும்.

அந்தக் காலத்தில் இந்தக் கடிகளுக்கு ஊசி வயிற்றில்தான். முதல் ஊசிக்குக் காந்தா கையைப் பிடித்துக்கொண்டாள். கலாவதி காலைப் பிடித்தாள். அந்தச் சின்ன வயிறு கல் மாதிரி இறுகியது. அப்போது வந்த சத்தம் அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து வருமென்று இருவருக்கும் தெரியாது.

வீட்டுக்குத் திரும்பும்போது மணி ஒன்று. தனசேகரன் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தான். காலெல்லாம் மணல்.

"பூனை எங்கண்ணா?"

"தொலைச்சுட்டு வந்துட்டேன். செவிலிமேடு பாலம் தாண்டி, ஆத்துக்கு அந்தாண்ட. கோணியில கட்டி எடுத்துக்கினு போயி வுட்டேன். இனிமே வராது." பெரிய வேலையை முடித்தவன் மாதிரிச் சொன்னான். அந்தத் தெருவில் அதுவும் ஒரு வழக்கம். ஆற்றைத் தாண்டி விட்டால் பூனைக்கு வழி தெரியாதாம்.

கலாவதி கத்தவில்லை. கத்தினால் அவனுக்குப் பழக்கம். மெதுவாகச் சொன்னாள்.

"போய்க் கொண்டாரணும். வா."

"கொழந்தய கடிச்சத வூட்ல வெச்சுக்கச் சொல்றியா?"

"கடிச்சதாலதான் வெச்சுக்கணும். அது பத்து நாள் நம்ம கண்ணு முன்னாடி இருந்து, ஒழுங்கா தின்னா, பாப்பாவுக்குப் பத்து ஊசியோட நிக்கும். இல்லன்னா பதினாலு. அதுக்கப்புறமும் அதுக்கு இன்னா சீக்கு இருந்துதுன்னு தெரியாம, பாப்பா தும்முனாலும் நீ பயந்துக்கினே இருக்கணும்."

"ஊசி எங்க போடறாங்க?"

காந்தா குழந்தையின் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். தொப்புளுக்கு ஒரு விரல் தள்ளிக் கொசுக்கடி மாதிரிச் சிவந்திருந்தது. தனசேகரன் சட்டையைத் தானே கீழே இழுத்து மூடினான். அவன் சிறுவனாக இருந்தபோது அந்தத் தெருவில் ஒருத்தன் அந்த ஊசி போட்டுக்கொண்டு வந்து படுத்துக்கிடந்ததை அவன் பார்த்திருக்கிறான்.

"எத்தினி ஊசின்ன?"

"பதினாலு."

"சைக்கிள்ல போனா நேரமாவும்," என்றான் அவன்.

சிட்டிபாபுவிடம் ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி இருந்தது. சாயம் போட்ட நூலை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற வண்டி. கை முழுக்க நீலமாக வெளியே வந்த சிட்டிபாபு விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஏம்மா, டிகிரி படிச்சுட்டு பூனை புடிக்கவா போற? கவர்மெண்டுல அதுக்கு ஒரு பரீட்சை வெச்சா நீதான் முதல் மார்க்கு."

"நீங்க குடுத்த பூனைதான் மாமா. தடுப்பூசி போட்டுக் குடுத்திருந்தா நான் ஏன் ஓடறேன்?"

"பூனைக்கு ஊசியா? எனக்கே போட்டதில்லயே!" சாவியைக் கொடுத்தார். "வண்டிய யார் ஓட்டறது? இவனுக்குத் தெரியாதே."

"நான்தான்."

கல்லூரித் தோழி ஒருத்தியின் வண்டியில் அவள் கற்றுக்கொண்டது வீட்டில் யாருக்கும் தெரியாது. இன்றைக்குத் தெரிந்துபோயிற்று. தனசேகரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தான். புறப்படும்போது வினோதினி காந்தாவின் தோளிலிருந்து தலையைத் தூக்கி, "மீமீ?" என்றாள்.

"மீமீ யாரு?" என்றாள் கலாவதி.

"பூனையத்தான் அப்பிடிக் கூப்புடறா," என்றாள் காந்தா. "பொறைய வெச்சுக்கினு, மீமீ இந்தா, மீமீ இந்தான்னு. நான் தறியில இருந்து கேட்டுக்கினேதான் இருப்பேன். பாப்பா வெளையாடுதுன்னு வுட்டுடுவேன்."

கலாவதிக்கு அப்போதுதான் விளங்கியது. எட்டு மாதமாக அந்த வீட்டில் பூனைக்குச் சோறு போட்ட ஒரே ஆள் இரண்டரை வயது. அதற்குக் கிடைத்த ஒரே தட்டு அந்தக் கை. பசித்த பூனை பொறையைத்தான் கவ்வப் போயிருக்கிறது. அங்கே விரலும் இருந்தது.

வழியில் பெட்டிக்கடையில் நிறுத்தி நாலு பொறை வாங்கிக்கொண்டாள்.

பாலாற்றில் தண்ணீர் இல்லை. பாலத்தைத் தாண்டியதும் கரையோரம் ஒரு டீக்கடை. கீற்றுப் பந்தலுக்குக் கீழே, கோழிக் கூடைகளுக்கு நடுவில் கடைக்காரி உட்கார்ந்திருந்தாள். தனசேகரனைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

"இன்னாப்பா, காலைல மூட்டையோட வந்த. இப்ப பொண்ணோட வந்துகிற. இதையும் வுட்டுட்டுப் போறியா?"

"என் தங்கச்சிம்மா," என்றான் தனசேகரன், முகம் கறுத்து.

"வுட்ட பூனைய தேடிக்கினு வந்திருக்கோம்," என்றாள் கலாவதி.

கடைக்காரி, அவள் பெயர் கமலாட்சி, வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "தேடிக்கினா? நான் இங்க கடை போட்டு ஒம்போது வருசம். வாரத்துக்கு ரெண்டு மூட்டை வரும் காஞ்சிபுரத்துலருந்து. குட்டி, தாயி, எல்லாம் வரும். வுட்டுட்டுத் திரும்பிப் பாக்காம போவாங்க. பாதிய நாய் தின்னுடும். தேடிக்கினு வந்தது நீங்கதான். எந்தப் பூனை? அந்தக் கருவேலம் புதர்ல நாலஞ்சு கெடக்குது. புடிச்சுக்கினு போங்க."

புதரடியில் பார்த்தால் நிஜமாகவே பூனைகள். ஒன்று கறுப்பு. ஒன்று ஒற்றைக் கண். இரண்டு சாம்பல் வரிப் பூனைகள், ஒன்று போல ஒன்று. ஆளைக் கண்டதும் எல்லாம் உள்ளே நுழைந்துகொண்டன.

"தோ, அதான்," என்றான் தனசேகரன். "அந்த சாம்பல்."

"ரெண்டு சாம்பல் இருக்குது. எது?"

"ஏதோ ஒண்ணு. புடி."

"ஏதோ ஒண்ணா? வேற பூனைய கொண்டுபோயி வெச்சு, அது நல்லா இருக்குதுன்னு ஊசிய நிறுத்திட்டா? நம்ம பூனை இங்க வெறி புடிச்சுச் செத்துக் கெடக்கும், அங்க பாப்பா..."

தனசேகரன் மணலில் உட்கார்ந்துவிட்டான்.

கலாவதி யோசித்தாள். நம் பூனைக்கு வால் எவ்வளவு நீளம்? பாதம் வெள்ளையா? ஆணா, பெண்ணா? கரப்பான் பூச்சியின் வாயுறுப்புகளைப் படம் வரைந்து பாகம் குறித்தவள் அவள். எட்டு மாதம் கால்மாட்டில் படுத்த உயிரின் பாதம் என்ன நிறம் என்று தெரியவில்லை. அவ்வளவு நாளும் அதை அவள் பார்த்ததெல்லாம், ச்சூ என்று விரட்டும்போது, அது ஓடும்போது, பின்னாலிருந்துதான்.

"அரக்கு," என்றான் தனசேகரன் திடீரென்று.

"இன்னாது?"

"முதுகுல அரக்குக் கறை இருக்கும். சிட்டிபாபு போன மாசம் அரக்கு நூலு போட்டுக் கொண்டாந்தாரு இல்ல. ஈரம் சொட்டுதுன்னு கொல்லையில கழியில தொங்கவுட்டேன். இது கீழ போயி படுத்துக்கினு இருந்துது. நூலக் கெடுக்குதுன்னு..." நிறுத்தினான். "அதே கழியாலதான் போட்டேன். இடுப்புல."

கலாவதி பொறையை எடுத்து உடைத்தாள். புதரைப் பார்த்து, "வா, வா," என்றாள். ஒன்றும் அசையவில்லை. "பூனை, இந்தா." ஒற்றைக் கண் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. கூப்பிட்டால் வர வேண்டுமென்றால் ஒரு நாளாவது கூப்பிட்டிருக்க வேண்டும்.

தொண்டையைச் செருமிக்கொண்டாள். அண்ணனுக்கு முன்னால் வெட்கமாக இருந்தது. குழந்தைக் குரலில், கொஞ்சம் மழலையாகவே, கூப்பிட்டாள்.

"மீமீ, இந்தா. மீமீ, இந்தா."

டீக்கடைப் பக்கம் கமலாட்சி சிரிக்கிற சத்தம் கேட்டது. புதரின் இடது ஓரத்தில் இலை அசைந்தது. சாம்பல் வரிப் பூனை ஒன்று தலையை மட்டும் நீட்டியது. தனசேகரன் இருப்பதைப் பார்த்ததும் தலை உள்ளே போய்விட்டது.

"ணா, நீ தள்ளிப் போ."

"எவ்ளோ தூரம்?"

"கடைக்குப் போயி டீ குடி."

அவன் போனான். கலாவதி மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பொறைத் துண்டைக் கையில் வைத்துக்கொள்ளாமல் தள்ளிப் போட்டாள். வெயில் மண்டையைப் பிளந்தது. அரை மணி நேரம் மீமீ இந்தா, மீமீ இந்தா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பூனை வந்தது, நின்றது, பதுங்கியது, வந்தது. முதல் துண்டை மென்றபோது அதன் முதுகு தெரிந்தது. இடுப்புக்கு மேலே, காய்ந்த குங்குமம் மாதிரி, அரக்குத் திட்டு. முன் பாதம் இரண்டும் வெள்ளை. விலா எலும்பை எண்ணிவிடலாம் போல இருந்தது.

கமலாட்சி ஒரு கோழிக் கூடையைச் சத்தமில்லாமல் எடுத்து வந்து கொடுத்தாள். கடைசிப் பொறையைக் கூடைக்குள் போட்டு, பூனை தானே நுழைந்ததும், கலாவதி மூடியை அழுத்திக் கட்டினாள்.

"பத்து நாள்ல கூடைய கொண்டாந்து குடுத்துடறேன்."

"கூடை கெடக்குது," என்றாள் கமலாட்சி. தனசேகரன் பக்கம் திரும்பி, "அந்தக் கோணிய மட்டும் இந்தாண்ட எடுத்துக்கினு வராத," என்றாள்.

திரும்பும்போது கூடை தனசேகரன் மடியில் இருந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து ஒரு உறுமல். பாலத்தின் நடுவில் அவன் சொன்னான்.

"சோறு போட்டா எலி புடிக்காது, கலா."

"புடிக்கலன்னா எலிப்பொறி வாங்கு. பசியில இருக்குற ஒண்ணையும் பொறை வெச்சிருக்குற கொழந்தையையும் ஒரே கூடத்துல வுட்டுட்டு, நீ தறியில உக்காந்துக்கினே. நான் பேப்பர் வெட்டிக்கினு இருந்தேன். பூனை மேல பழி போட்டுக் கோணியில கட்டினா முடிஞ்சுடுமா?"

கூடை இன்னொரு தடவை உறுமியது. மூடி திறந்துகொள்ளாமல் அவன் அதன் மேல் கையை வைத்துக்கொண்டான்.

பின்கட்டு விறகு அறையைக் காலி செய்தார்கள். பாலாற்றில் ஒட்டிக்கொண்டு வந்த மணல் போதாதென்று மறுநாள் தனசேகரனே ஒரு சாக்கு மணல் கொண்டுவந்து, ஓட்டைப் பேசினில் கொட்டி அறை மூலையில் வைத்தான். பூனை அதில்தான் வெளிக்குப் போயிற்று. அதை அள்ளிக் கொட்டும் வேலையும் கலாவதி தலையில் விழப்போக, அவள் அண்ணனையும் கூப்பிட்டுக் காட்டி, "ஒரு நாள் நான், ஒரு நாள் நீ. கைய சோப்பு போட்டுக் கழுவணும்," என்றாள். காந்தாவிடம் சொல்லவில்லை. காந்தா அப்போது நாலு மாதம் முழுகாமல் இருந்தாள். பூனைக் கழிவைக் கர்ப்பிணி தொடக்கூடாது என்று டாக்டரம்மா இரண்டாம் நாளே சொல்லி அனுப்பியிருந்தார்.

காலையும் மாலையும் சோறும் நெத்திலித் தலையும். தட்டைத் தள்ளி வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். உடைந்த கதவுப் பலகை வழியாக வினோதினி எட்டிப் பார்க்கலாம், ஆனால் யாராவது பக்கத்தில் இருந்தால்தான். தினமும் பத்து மணிக்கு ஆஸ்பத்திரி. மூன்றாம் நாளிலிருந்து ஆஸ்பத்திரித் தெரு முனை வந்தாலே குழந்தை சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ஐந்தாம் நாள் தனசேகரன் தறியை நிறுத்திவிட்டுத் தானும் வந்தான். காலைப் பிடிக்கும்போது அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். மறுநாள் வரவில்லை.

ஏழாம் நாள் பூனை சாப்பிடவில்லை. தட்டு அப்படியே இருந்தது. கலாவதி காலையில் மூன்று தடவை போய்ப் பார்த்தாள். எச்சில் ஒழுகுகிறதா, கால் இழுக்கிறதா, வெளிச்சத்தைப் பார்த்து மிரளுகிறதா? ஒன்றுமில்லை, விறகு மேல் சுருண்டு கிடந்தது. காந்தா பூஜை அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மத்தியானம் தனசேகரன் கதவைத் திறந்து உள்ளே போய், விறகுக்குப் பின்னால் குனிந்து பார்த்துவிட்டு, வெளியே வந்தான்.

"பெருச்சாளி," என்றான். "பாதிதான் கெடக்குது. மீதிய இது தின்னுக்கினு செரிக்காம படுத்துக்கினு இருக்குது."

"வயிறு ரொம்பினா புடிக்காதுன்ன?"

"ஏதோ பழக்க தோசத்துல புடிச்சிருக்கும்," என்றான். ஆனால் சாயங்காலம் நெத்திலித் தலையை அவன்தான் கொண்டுபோய் வைத்தான்.

பத்தாம் நாள் முடிந்தது. டாக்டரம்மா பூனையைப் பற்றி எல்லாம் கேட்டுவிட்டு, சீட்டின் மேல் ஒரு கோடு இழுத்தார். "போதும். இனிமே ஊசி வேண்டாம். பூனைக்குத்தான் ஊசி."

அதே வாரம் அண்ணனும் தங்கையும் கூடையைத் தூக்கிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சுற்றிலும் மாடும் ஆடும் நிற்க, பூனை கொண்டுவந்தவர்கள் இவர்கள் மட்டும்தான். நோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"யார் வீட்டுப் பூனை?"

தனசேகரன் கலாவதியைப் பார்த்தான். அவள் வேண்டுமென்றே சுவரில் ஒட்டியிருந்த கோமாரி நோய் படத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வூட்டுதுங்க," என்றான் அவன். "தனசேகரன். பிள்ளையார்பாளையம்."

"பேரு?"

"அதான் சொன்னனே, தனசேகரன்."

"உன் பேரு எழுதிட்டேன்யா. பூனை பேரு."

பக்கத்தில் மாடு வைத்திருந்தவன் சிரித்தான். தனசேகரன் கூடையைக் குனிந்து பார்த்தான். "மீமீன்னு எழுதிக்குங்க," என்றான். பிறகு தானாகவே கேட்டான், "மறுபடி எப்ப கொண்டாரணும்?"

"வருசா வருசம்."

திரும்பும் வழியில் பாலம் தாண்டிப் போய்க் கூடையைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். பூனை கலாவதியின் துப்பட்டாவுக்குள் இருந்தது. துப்பட்டா நாலு இடத்தில் கிழிந்தது.

அன்று சாயங்காலம் தறி ஓடிக்கொண்டிருந்தது. கூடத்து மூலையில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில், பூனை ஏறிப் படுக்க ஒரு பலகை அடித்திருந்தான் தனசேகரன். கீழே ஒரு அலுமினியத் தட்டு. கலாவதி வினோதினியின் கையில் ஒரு பொறையைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இந்தத் தடவை பேப்பர் இல்லை, கத்தரிக்கோல் இல்லை.

"தட்டுல போடு. போட்டுட்டு இன்னா பண்ணணும்?"

வினோதினி பொறையைத் தட்டில் போட்டாள். மூன்று அடி பின்னால் நடந்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மீமீ, இந்தா."

பூனை பலகையிலிருந்து இறங்கியது. தட்டுக்குப் போனது. சாப்பிட்டது.

தறிச் சத்தம் நின்றிருந்தது. தனசேகரன் குழியிலிருந்தபடி கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யோவ்," என்றாள் காந்தா கரைப் பக்கமிருந்து. "கோர்வை தப்பப் போவுது. இங்க பாரு."

"பாத்துக்கினுதான இருக்கறேன்," என்றான் அவன், தலையைத் திருப்பாமல்.